ஜெய்சங்கருக்கு எந்தப் பட்டம் பொருந்தும்?

நடிகர் ஜெய்சங்கரின் நினைவு நாளான ஜூன் 3 வந்தால் அவரைப் பற்றிய மூன்று வாசகங்கள் தவறாமல் திரும்பி வரும். தமிழ் சினிமாவின் முதல் கௌபாய் அவர். தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் அவர். திரையுலகில் அவரைப் போல ஒரு தங்கமான மனுஷன் கிடையாது. 2000ஆம் ஆண்டு அவர் மறைந்ததில் இருந்து இந்த மூன்றையும் வரிசை மாற்றி அடுக்கித்தான் அஞ்சலிகள் எழுதப்படுகின்றன. செத்துப்போனவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவது நம் வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வழக்கத்துக்கும் ஒரு காலவரம்பு வேண்டும். கால் நூற்றாண்டு போன பிறகும் ஒரு நடிகரை அஞ்சலிக் குறிப்புக்குள்ளேயே வைத்திருந்தால், மெல்ல மெல்ல அவரை மறக்க ஏற்பாடு செய்கிறோம் என்றுதான் பொருள்.

அம்பத்தூரில் இந்தப் பேச்சுக்குத் தனிச் சூடு உண்டு. 1949இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி வந்தது. பிறகு டன்லப், பாடியில் லூகாஸ், 1960களில் தொழிற்பேட்டை எஸ்டேட், ஆவடியில் டாங்க் பேக்டரி என்று ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர்கள் ஷிப்டு ஊர்களாக மாறின. 1965 பொங்கலுக்கு ஜெய்சங்கரின் முதல் படம் வெளியானது; அதே ஆண்டு டிசம்பரில் ஆவடியில் இருந்து முதல் விஜயந்தா டாங்க் உருண்டு வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டையும் பார்த்த தலைமுறை மட்டும் ஒன்று. சொந்த ஊரில் அப்பா ஏர் பிடித்துக்கொண்டிருக்க, இங்கே வந்து கார்டு அடித்து மாதச் சம்பளம் வாங்கி, டெய்லரிடம் பேண்ட் தைத்துப் போட்டுக்கொண்ட முதல் தலைமுறை அது. அதில் மிச்சம் இருப்பவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ராக்கி, முருகன் என்று தியேட்டர் பெயர்களை இழுத்துப் பேசும்போது, அவர்கள் வாயில் அவர் எப்போதும் வெறும் 'ஜெய்'தான்.

அந்தப் பெஞ்சில் ஒருவர், மெஷின் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் இப்படிச் சொன்னார்: "எம்.ஜி.ஆர். படத்துல அவரு எத்தன அடி வாங்குனாலும் நமக்குக் கவல இருக்காது தம்பி. கடைசில அவர்தான். ஜெய் படத்துல அப்படி இல்ல. இந்த ஆளு மேலயே குண்டு பட்டுருமோன்னு ஒரு இது இருக்கும்."

அந்த 'ஒரு இது' என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஜெய்சங்கரைப் பற்றி நான் படித்த அஞ்சலிகளில் எல்லாம் சேர்த்து இந்த அளவுக்கு விமர்சன நுட்பம் இல்லை. அதற்கு வருமுன் அந்த மூன்று வாசகங்களையும் உரசிப் பார்த்துவிட வேண்டும்.

முதல் கௌபாய் என்ற பேச்சு நிற்காது. 1964 பொங்கலுக்கு வந்த வேட்டைக்காரனில் எம்.ஜி.ஆர். கௌபாய் உடையில் வந்துவிட்டார். தேவர் பிலிம்ஸ் படம். செர்ஜியோ லியோனியின் முதல் டாலர் படம் இத்தாலியில் வெளியானதே அதே ஆண்டு செப்டம்பரில்தான். அதாவது இத்தாலிக்காரர்கள் கௌபாயை உலகத்துக்குப் புதிதாக விற்கத் தொடங்குவதற்கு முன்பே கோடம்பாக்கத்தில் தொப்பி வந்துவிட்டது. தெலுங்குக்காரர்களிடம் கேட்டால் அவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். நடிகர் கிருஷ்ணா 2022 நவம்பரில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை 1971இன் மோசகாள்ளகு மோசகாடு படத்தைச் சொல்லி, இந்தியாவுக்குக் கௌபாயைக் கொண்டுவந்தவர் என்று எழுதின. கே.எஸ்.ஆர்.தாஸ் இயக்கம், ஆருத்ராவின் எழுத்து, ராஜஸ்தான் பாலைவனம். நல்ல படம்தான். ஆனால் ஜெய்சங்கர் நடித்த நம் காலம் வெல்லும் படம் அதற்கு ஓராண்டு முன்பே, 1970இல் வந்துவிட்டது. இரண்டு மாநில ரசிகர்களும் 'முதல்' என்ற சொல்லுக்காக அடித்துக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. யார் முதலில் தொப்பி போட்டார் என்பது துணிக்கடைக் கணக்கு. அந்தத் தொப்பிக்கு அடியில் ஒரு கதை இருந்ததா என்பதே விமர்சனக் கணக்கு.

வேட்டைக்காரனில் எம்.ஜி.ஆருக்கு அந்த உடை ஒரு அலங்காரம். படம் குடும்பப் படம். உடையைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. காலம் வெல்லும் அப்படிப்பட்டதல்ல. குதிரை, கொள்ளைக்கூட்டம், துப்பாக்கி, பழி எல்லாம் சேர்ந்தால்தான் அங்கே கதையே. வெஸ்டர்னை உடையாக அல்லாமல் ஒரு முழுக் கதைமுறையாக எடுத்துக்கொண்ட தொடக்கத் தமிழ்ப் படங்களில் அது முதன்மையானது. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் போக வேண்டிய இடம் ஜெய்சங்கர் இல்லை, கர்ணன்.

கர்ணன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் கற்பகம் போன்ற கண்ணீர்ப் படங்களுக்குக் கேமரா பிடித்தவர், இயக்குநர் ஆனதும் நேர் எதிர்த்திசையில் குதிரை ஏறிப் போனார். காலம் வெல்லும், 1972இல் ஜக்கம்மா, அதே ஆண்டில் கங்கா, 1975இல் எங்க பாட்டன் சொத்து. எல்லாவற்றிலும் ஜெய்சங்கர், எல்லாவற்றுக்கும் சங்கர்–கணேஷ் இசை. கர்ணனின் கேமரா பெரும்பாலும் தரையோடு தரையாகக் கிடக்கும். குதிரை வரும்போது முதலில் குளம்பு வரும், பிறகு புழுதி வரும், அப்புறம்தான் ஆள். பார்க்கிறவன் ஓடி வருகிற குதிரைக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் ஆகிவிடுகிறான். பணமும் ஆட்களும் குறைவாக இருந்த படப்பிடிப்பில் பெரிய நிலவெளியைக் காட்ட முடியாத குறையை இந்தத் தாழ்ந்த கோணம் மறைத்தது. நான்கு குதிரைகள் நாற்பதாகத் தெரிந்தன. இது தொழில் தெரிந்தவனின் சாமர்த்தியம். அன்றைய தமிழ்ப் படங்களில் அபூர்வமானது.

ஆனால் கேமரா மட்டும் வெஸ்டர்ன் ஆகிவிடாது. அமெரிக்க வெஸ்டர்னின் மையத்தில் இருப்பது, சட்டம் இன்னும் வந்து சேராத ஒரு நிலம். அதனால்தான் அங்கே ஷெரீப்பும் மார்ஷலும் நாயகர்கள். கன்ஸ்மோக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஜேம்ஸ் ஆர்னெஸ் 1955 முதல் 1975 வரை, இருபது ஆண்டுகள், மேட் டில்லன் என்ற ஒரே மார்ஷலாக நடித்தார். அவரும் ஒரு ஜூன் 3ஆம் தேதிதான், 2011இல், காலமானார். அவருக்காக அங்கே வருந்தியவர்கள் ஒரு நடிகரை மட்டும் நினைத்து வருந்தவில்லை. வாரம் தவறாமல் தங்கள் வீட்டுக்குள் வந்துபோன ஒரு நியாயஸ்தரை இழந்ததாக உணர்ந்தார்கள். லியோனி அந்த நியாயஸ்தரைத் தூக்கி எறிந்துவிட்டு, பெயர் இல்லாத, ஊர் இல்லாத, தாய் தகப்பன் இல்லாத ஒரு வாடகைத் துப்பாக்கியை நடுவில் வைத்தார். அந்த வேடத்துக்கு அவர் அழைத்து வந்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ராஹைட் என்ற தொலைக்காட்சி வெஸ்டர்னில் இருந்து வந்தவர்தான்.

கர்ணன் இந்த இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. வந்து, பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது. அதனால் இங்கே மார்ஷலை நாயகனாக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பத்தகுந்தவன், பண்ணையாரிடம் எல்லாவற்றையும் இழந்து காட்டுக்குப் போன உழவன். காலம் வெல்லும் எடுத்துக்கொண்டது அந்த ஆளைத்தான். கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது 1968 டிசம்பர் 25. படம் வந்தது 1970. இரண்டையும் இணைத்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் கீழத்தஞ்சையைப் பெயர் சொல்லிப் பேச அன்றைய வணிக சினிமாவுக்குத் துணிவு கிடையாது. நிலம் உடையவன் மேல் இருந்த கோபத்தைக் குதிரையில் ஏற்றி, தொப்பி மாட்டி, எந்த ஊர் என்று தெரியாத ஊரில் சுட விட்டால் தணிக்கைக்கும் தொந்தரவில்லை, விநியோகஸ்தருக்கும் தொந்தரவில்லை. வெஸ்டர்ன் இங்கே ஒரு மறைப்பாக வேலை செய்தது. மறைப்பு என்பதால் கோபத்தைக் காப்பாற்றவும் செய்தது, மழுங்கடிக்கவும் செய்தது.

தாய் தகப்பன் இல்லாத நாயகனையும் இங்கே கொண்டுவர முடியவில்லை. நம் கௌபாய்க்கு அம்மா உண்டு, சத்தியம் உண்டு, குலதெய்வமே உண்டு. ஒரு வெஸ்டர்னுக்கு ஜக்கம்மா என்று பெயர் வைக்க உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்? கட்டபொம்மன் கும்பிட்ட தெய்வம், குடுகுடுப்பைக்காரர் வாசலில் நின்று கூப்பிடும் தெய்வம். சாவித்திரி நடித்த அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வெளியூர்ச் சரக்கை அப்படியே இறக்காமல், இங்கே யாருடைய பெயரைச் சொல்லிப் பழி வாங்குவார்கள் என்று யோசித்த ஒரு மனம் அங்கே இருக்கிறது.

கர்ணனுக்கு இவ்வளவு பாராட்டு கொடுத்த கையோடு மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். குதிரைக்கு அடுத்தபடியாக அவர் படங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை குளியல் காட்சிகள். அருவியும் ஆறும் கதாநாயகியை நனைப்பதற்காகவே அந்த நிலத்தில் ஓடின. அதே கேமரா, அதே தாழ்ந்த கோணம், ஆனால் பார்வை சாக்கடையில். இதை 'அந்தக் காலத்துக் கவர்ச்சி' என்று செல்லமாகக் கடந்துபோகிற ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரிவால்வர் ரீட்டாவாக விஜயலலிதா அதே காலத்தில் துப்பாக்கியோடு வந்தார். பெண்ணைக் குதிரையில் ஏற்றவும் இந்தக் கதைமுறையில் இடம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கர்ணனுக்கு அந்தப் பக்கம் கண் போகவில்லை. 1980இல் ஜம்பு வரும்போது கதை மெலிந்து கவர்ச்சி மட்டும் மிஞ்சிவிட்டது.

ஜேம்ஸ் பாண்ட் பட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள், சி.ஐ.டி. சங்கர் ஆகியவை அந்தப் பட்டத்தைத் தந்தன. இன்று பார்த்தாலும் சலிக்காத வேகம் உள்ள படங்கள். பட்டம் மட்டும் இரவல். இன்னொருவரின் நகல் என்று சொல்லிப் புகழ்வது எப்படிப் புகழ்ச்சியாகும் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

இனி அந்தப் பெஞ்சுக்காரர் சொன்ன விஷயம். அதே காலகட்டத்தில் உளவாளி வேடத்தை மூன்று பேர் போட்டார்கள். 1968இல் ரகசிய போலீஸ் 115இல் எம்.ஜி.ஆர்., 1969இல் தங்கச்சுரங்கத்தில் சிவாஜி, 1970இல் சி.ஐ.டி. சங்கரில் ஜெய்சங்கர். எம்.ஜி.ஆர். படத்தில் உளவுத்துறையே எம்.ஜி.ஆருக்குக் கட்டுப்பட்டது. சிவாஜி படத்தில் துப்பறிவதைவிட சிவாஜி எப்படித் துப்பறிகிறார் என்பது பெரிது. ஜெய்சங்கர் படத்தில்தான் 'அடுத்து என்ன' என்ற கேள்வி மிஞ்சுகிறது. காரணம் எளிது. ஜெய்சங்கர் என்ற பிம்பத்துக்குக் கதையைத் தூக்கிச் சாப்பிடுகிற எடை இல்லை. முதல் படமான இரவும் பகலும் வெளியான அன்றே, 1965 ஜனவரி 14, எம்.ஜி.ஆரின் எங்க வீட்டுப் பிள்ளையும் சிவாஜியின் பழநியும் வெளியாயின. அந்த இரண்டு ஆலமரங்களுக்கு நடுவில் முளைத்தவர், மரமாக முயலாமல் இருந்தார். கட்சி இல்லை, கொடி இல்லை, தத்துவம் இல்லை. அவர் முகத்தை வைத்து இவர் கட்டாயம் நல்லவர், கட்டாயம் ஜெயிப்பார் என்று முன்கூட்டி எதையும் சொல்ல முடியாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் இயக்குநர் பாலசந்தர். 1971இல் வந்த நூற்றுக்கு நூறு படத்தில் ஜெய்சங்கர் கணிதப் பேராசிரியர். மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக அவர்மேல் குற்றம் சாட்டுகிறார்கள், அவர் தங்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்று. அந்த வேடத்தில் எம்.ஜி.ஆரை வைத்துப் பாருங்கள்: குற்றச்சாட்டு வந்த கணமே படம் முடிந்துவிடும். யாரும் நம்ப மாட்டார்கள். சிவாஜி என்றால் அந்த அவமானத்தை அவர் எப்படித் தாங்குகிறார் என்பதே படம் ஆகிவிடும். ஜெய்சங்கர் நின்றால் மட்டுமே, செய்திருப்பாரோ என்று பார்வையாளர் மனத்தின் ஒரு மூலையில் கேள்வி எழுகிறது. குற்றச்சாட்டுகள் அடுக்கப்படும்போது அவர் பெரிதாக எதுவும் செய்வதில்லை. முகத்தில் லேசான எரிச்சல், அதற்கு மேல் ஒரு திகைப்பு, அவ்வளவுதான். மோசமான நடிகர் என்று அவரைச் சொல்பவர்கள் சுட்டுவதும் இந்தச் 'செய்யாமை'யைத்தான். அந்தப் படத்தில் அது குறையல்ல; அதுதான் சஸ்பென்ஸ்.

வெஸ்டர்னுக்குத் தேவையானதும் இதேதான். நடுத்தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள் என்றால், யார் விழுவார் என்று தெரியாமல் இருக்க வேண்டும். முன்பே தெரிந்துவிட்டால் அது துப்பாக்கிச் சண்டை இல்லை, சடங்கு. தமிழில் நாயகன் என்றாலே தெரிந்துவிடுகிற காலத்தில், தெரியாத நாயகனாக இருந்தவர் ஜெய்சங்கர். மாதச் சம்பளக்காரனுக்கு அவர் ஏன் பிடித்தார் என்பதற்கும் என் ஊகம் இதுதான். அரசகுமாரனாகவும் ஏழைப் பங்காளனாகவும் கனவு காண வைக்க எம்.ஜி.ஆர். இருந்தார். அடுத்த மாதம் லே-ஆஃப் வருமா வராதா என்று தெரியாதவன் தன்னைப் பார்த்துக்கொண்டது ஜெய்யிடம்.

சரி, அப்படியானால் பெரிய நடிகரா? இல்லை. இதில் ரசிகர்களோடு சண்டை போட நான் தயார். அவருடைய குரலுக்கு இரண்டு மூன்று நிலைகளுக்கு மேல் கிடையாது. காதல் காட்சிகளில் உடல் விறைத்துக்கொள்ளும். சோகம் வந்தால் அவசரமாக அதைக் கடந்து அடுத்த காட்சிக்குப் போய்விடத் துடிப்பது தெரியும். கர்ணன் படங்களில்கூட, குதிரையில் இருக்கும்வரை இருக்கிற கம்பீரம் இறங்கி வசனம் பேசத் தொடங்கியதும் பாதியாகிவிடுகிறது. ஈஸ்ட்வுட்டோடு ஒப்பிடும் ரசிகர்கள் உண்டு. ஈஸ்ட்வுட்டின் மௌனம் திட்டமிட்டது. ஜெய்சங்கரின் அமைதி பல இடங்களில் தயாரிப்பின்மை. இன்னொன்றும் உண்டு. ஈஸ்ட்வுட் 1992இல் அன்பர்கிவன் படத்தைத் தானே இயக்கி, அதுவரை தான் சுட்ட துப்பாக்கிகளுக்கெல்லாம் கணக்குக் கேட்டார். ஜெய்சங்கர் தன் கௌபாயிடம் ஒருநாளும் திரும்பிப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கான விடை மூன்றாவது வாசகத்தில் இருக்கிறது. நல்ல மனிதர் என்பதில் சந்தேகமே இல்லை. சம்பளப் பாக்கியைக் கேட்டு நிற்காதவர், சிறு தயாரிப்பாளர் கைதூக்கிவிடக் கேட்டால் மறுக்காதவர், ஆதரவற்றோர் இல்லங்களுக்குச் சக நடிகர்களையும் இழுத்துக்கொண்டு போனவர் என்று அவரோடு பழகியவர்கள் பலரும் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நாயகன் என்ற பெயர் அதில் இருந்து வந்ததுதான்: வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு ஜெய்சங்கர் படம். ரசிகர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். திறனாய்வாளன் இதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர், எந்தக் கதைக்கும் இல்லை என்று சொல்லாத நடிகர் ஆனார். ஒரே ஆண்டில் அரை டஜன் படம், அதற்கும் மேல். ஒரு வேடத்தை மனத்தில் ஊறப்போட நேரம் இல்லை. நாலு நாள் குதிரை, நாலு நாள் கோட்டு, நாலு நாள் கல்லூரி மாணவன். அவருடைய நல்ல குணமும் அவருடைய மோசமான படங்களும் ஒரே வேரில் இருந்து வந்தவை. முதலாளிகளாலும் நட்சத்திரங்களாலும் ஆன ஒரு தொழிலில் அவர் தொழிலாளி போல வேலை செய்தார். அது மனிதராக அவரை உயர்த்தியது. கலைஞராக அவரைச் சிதறடித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத அஞ்சலி பாதி அஞ்சலி.

1970களின் இறுதியில் காற்று மாறியது. தேவர் பிலிம்ஸ் 1978இல் தாய் மீது சத்தியம் எடுத்தபோது தொப்பி ரஜினிகாந்தின் தலையில் இருந்தது. குதிரையும் நாயும் பழிவாங்கலும் அப்படியே, தலைப்பிலேயே அம்மாவும் சத்தியமும். ஆனால் ரஜினியிடம் சந்தேகம் கிடையாது, ஸ்டைல் உண்டு. அவர் கையில் கௌபாய் மறுபடியும் அலங்காரம் ஆனான். 1980இல் முரட்டுக்காளை. ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பி.முத்துராமன் இயக்கம், நாயகன் ரஜினி, வில்லன் ஜெய்சங்கர். ஊர்ப் பெரிய மனிதராக, வெள்ளை வேட்டியில், கெட்டவராக. பத்தாண்டுக்கு முன் எந்த வர்க்கத்தை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தாரோ அந்த வர்க்கத்து ஆளாகவே வந்து நின்றார். ரசிகர்கள் அன்று துடித்துப்போனார்கள். ஆனால் அந்த வேடம் பொருந்தியதற்குக் காரணமும் அவருடைய பழைய பலம்தான். முன்பு, நல்லவனாக இருந்தும் முழுதாக நம்ப முடியாதவர். இப்போது, கெட்டவனாக இருந்தும் முழுதாக வெறுக்க முடியாதவர். சிறந்த இரண்டாம் பருவம் அவருக்கு அங்கே தொடங்கியது. அபூர்வ சகோதரர்களில் நான்கு வில்லன்களில் ஒருவர். 1991இல் தளபதியில், தன் மனைவி ஒருகாலத்தில் கைவிட்ட மகன் சூர்யாதான் என்று அறிந்து, அவனிடமே போய்ச் சொல்கிற கணவர். எதிரே ரஜினி, இயக்கம் மணிரத்னம். அந்தச் சந்திப்பில் ஜெய்சங்கர் குரலை உயர்த்துவதில்லை, கண் கலங்கி இரக்கம் தேடுவதும் இல்லை. தூக்கிக்கொண்டு வந்த பாரத்தை இறக்கி வைப்பவரைப் போல நின்று பேசுகிறார். இளமையில் தயாரிப்பின்மையாகத் தெரிந்த அமைதி, வயது ஏறியதும் முதிர்ச்சியாகிவிட்டது.

தொலைக்காட்சி வழியாக அவரைச் சந்தித்தவர்களுக்கு இந்த வரிசை தலைகீழ். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. ஞாயிறு மாலைப் படங்களிலும் பிறகு தனியார் சேனல்களிலும் அவரைப் பார்த்த பிள்ளைகளுக்கு, வில்லன் ஜெய்சங்கரைத்தான் முதலில் தெரியும்; அந்த வில்லன் ஒருகாலத்தில் குதிரையில் போனவர் என்பது பின்னால் தெரிந்த சங்கதி. சிவகாசியில் இருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ்களில் டெக்ஸ் வில்லரைப் படித்துக்கொண்டிருந்த அதே பிள்ளைகள்தான் அவர்கள். கௌபாய் என்றால் அவர்களுக்குப் படக்கதை, இல்லாவிட்டால் ஜெய். அந்தத் தலைமுறையின் அஞ்சலிதான் சிம்புதேவன் 2010இல் எடுத்த இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம். அதில் ஒரு ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்றே பெயர். அன்பு குறையில்லை. ஆனால் படம் முழுக்கக் கேலி. தமிழ்க் கௌபாய் என்றால் சிரிக்க வேண்டிய பொருள் என்று அது உறுதி செய்துவிட்டது. கங்காவைப் பார்த்தே இராதவர்கள் இன்று கங்காவைக் கிண்டல் செய்வதற்கு அந்தப் படமும் ஒரு காரணம். நையாண்டி தன் மூலத்தை மக்கள் அறிவார்கள் என்று நம்பித்தான் பிழைக்கிறது. மூலம் கைக்கு எட்டாமல் போனபின் மிஞ்சுவது நையாண்டி மட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஜெய்சங்கர் முதல் கௌபாய் இல்லை, பாண்ட் இல்லை, பெரிய நடிகரும் இல்லை. அவர் செய்தது வேறு. நட்சத்திரம் கதையைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்ற விதியின்கீழ் இயங்கிய தமிழ் சினிமாவில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கதை நட்சத்திரத்தைவிடப் பெரிதாக இருக்க இடம் கொடுத்தவர். துப்பறியும் படம், திகில் படம், குதிரைப் படம் என்று நாயக வழிபாட்டுக்கு வெளியே தமிழில் வகைவகையான படங்கள் உருவானதற்கு அவர் தோள் கொடுத்தார். அந்த வேலையைச் செய்யப் பெரிய நடிகரால் முடியாது. பெரிய நட்சத்திரத்தால் நிச்சயம் முடியாது. அவருடைய படங்களில் காலத்தைத் தாண்டி நிற்பவை கைவிரல்களுக்குள் அடங்கும்: காலம் வெல்லும், நூற்றுக்கு நூறு, மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் இரண்டு, குறைகளோடு சேர்த்து கங்கா. குணச்சித்திரத்துக்குத் தளபதி. மற்றவை வெள்ளிக்கிழமையோடு போயின, போகட்டும்.

கிருஷ்ணா இறந்த மறு ஆண்டே, 2023 மே 31, அவருடைய பிறந்தநாளில், மோசகாள்ளகு மோசகாடு 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டுத் திரையரங்குகளில் மறுபடி வெளியானது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய குதிரையைப் பார்க்கப் பேரப்பிள்ளைகள் போனார்கள். காலம் வெல்லும் எனக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் கைப்பேசித் திரையில், கோடு விழுந்து, ஒலி நைந்துபோன பிரதி. கர்ணன் 2012இல் போய்விட்டார். ஜெய்சங்கர் பெயரில் ஜூன் 3க்கும் பிறந்தநாளான ஜூலை 12க்கும் மாலை போட ஆள் இருக்கிறது. மாலைக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்து, நெகட்டிவ் யாரிடம் இருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள். ஒரே ஒரு படம் போதும். காலம் வெல்லும் படத்தை நல்ல பிரதியாக்கி, அம்பத்தூரில் ஏதாவது ஒரு திரையில் ஒரு வெள்ளிக்கிழமை போடுங்கள். டிக்கெட் எடுக்க நான் வருகிறேன். அந்தப் பெஞ்சுக்காரர்களையும் அழைத்து வருகிறேன்.